ஆயர் ஈத்தாம் அணை உடையுமா?

வாசகர் கேள்வி பதில்

(மலேசியாவின் வடமாநிலங்களின் மண் அணைகளில் 31 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர் ஒருவர் இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

கேள்வி: ஐயா, ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பக்கத்தில் அடுக்குமாடியில் இருக்கிறேன். மகள் குடும்பம் கொஞ்சம் தள்ளித் தரைவீட்டில் இருக்கிறது. போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. “கெக் லோக் சீ கோயிலுக்கு மேல இருக்கிற அணை 1962ல கட்டினது, ஆயுசு முடிஞ்சி போச்சி, இந்த மழைக்குத் தாங்காது, சொந்தக்காரங்கள கெளம்பச் சொல்லுங்க” என்று ஒருவர் பேசுகிறார். அன்றிலிருந்து மழை பெய்தால் எனக்குத் தூக்கம் இல்லை. பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருக்கிறேன். உண்மையைச் சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: அம்மா, அந்தக் குரல் பதிவில் பேசியவர் யார், என்றைக்குப் பேசினார், அணையில் எதைக் கண்ணால் பார்த்துச் சொன்னார் என்ற மூன்றும் இல்லை. அணையைப் பற்றி யார் எது சொன்னாலும் முதலில் இந்த மூன்றையும் கேளுங்கள். உங்கள் பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. 2017 நவம்பர் 4 இரவு பினாங்கில் இருந்தவர்கள் யாரும் மழையை அதற்குமுன் பார்த்த கண்ணோடு பார்ப்பதில்லை. மரங்கள் வேரோடு சாய்ந்தன, வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது, 7 பேர் உயிரிழந்தார்கள். அப்படி ஒரு இரவைப் பார்த்த பாட்டிக்கு மலைமேல் ஒரு நீர்த்தேக்கம் இருக்கிறது என்ற நினைப்பே போதும், தூக்கம் போய்விடும்.

1962 என்பது உண்மைதான். பினாங்கின் மூன்று பெரிய குடிநீர் அணைகளில் அதுதான் மூத்தது, சிறியதும் அதுதான். மெங்குவாங் 1985, தெலுக் பாஹாங் 1999. கோலாலம்பூருக்குத் தண்ணீர் கொடுக்கும் கிள்ளான் கேட்ஸ் அணை 1958ஆம் ஆண்டுக் கட்டுமானம், உங்கள் அணையைவிட மூத்தது.

ஆனால் ‘ஆயுசு முடிந்துவிட்டது’ என்பது சரியில்லை. பால்டின்னில் தேதி அடித்திருப்பதுபோல அணைக்குத் தேதி கிடையாது. அமெரிக்காவில் டீட்டன் என்று ஒரு மண் அணை. 1975இல் கட்டி முடித்தார்கள். முதன்முதலாக நீர் நிரப்பும்போதே, 1976 ஜூன் 5 அன்று, போய்விட்டது. குஜராத்தில் மோர்பி நகரத்துக்கு மேலிருந்த மச்சு அணை 1979 ஆகஸ்டில் உடைந்தபோது அதற்கு வயது ஏழோ எட்டோ. ஆயிரக்கணக்கான சனங்கள் செத்தார்கள். மறுபக்கம், இலங்கையில் திருகோணமலைக்குப் போகும் வழியில் இருக்கும் கந்தளாய்க் குளம் ராஜாக்கள் காலத்துக் குளம். அதன் கரை 1986 ஏப்ரல் 20 விடியற்காலையில் உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் போனார்கள். குழந்தை அணையும் உடைந்திருக்கிறது, கிழ அணையும் உடைந்திருக்கிறது. கரிகாலன் பெயர் சொல்லும் கல்லணையில் இன்றைக்கும் தண்ணீர் திறக்கிறார்கள்.

அப்படியானால் எதைப் பார்த்துப் பயப்படுவது? ஆயர் ஈத்தாம் மண் அணை. நான் வேலை பார்த்ததும் மண் அணைகள்தான், அதனால் அதையே சொல்கிறேன்.

மண் அணையின் முதல் எதிரி, கரைக்கு மேலாக வழியும் தண்ணீர். கான்கிரீட் அணைக்கு மேல் கொஞ்சம் வழிந்தால் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். மண்கரைக்கு மேல் வழிந்தால் பின்சரிவை அரித்து, வாய்க்கால் வெட்டி, சில மணி நேரத்தில் கரையையே கொண்டுபோய்விடும். மச்சு அணைக்கு நடந்தது இதுதான். வந்த வெள்ளம் கலிங்கின் கொள்ளளவை மீறிவிட்டது. ஊர்நாட்டில் ஏரிக்கரை பார்த்தவர்களுக்குக் கலிங்கு என்றால் தெரியும். நிரம்பினால் உபரி நீர் தானாக வழிந்து போகிற கல்கட்டு. ஆகவே மழைக்காலத்தில் அணை நிரம்பிக் கலிங்கு வழிகிறது என்று யாராவது படம் போட்டால் பதறாதீர்கள். அது வழிந்தால்தான் கரை பிழைக்கும். அதற்குள் மரக்கிளையும் குப்பையும் அடைத்துக்கொண்டு கிடக்கிறது என்று படம் வந்தால் அப்போது கவலைப்படுங்கள், உடனே சொல்லுங்கள்.

இரண்டாவது எதிரி வெளியே தெரியாது. எல்லா மண் அணையிலும் தண்ணீர் கசியும். கசியாத மண் அணையை நான் பார்த்ததில்லை. நடுவில் களிமண் சுவர் வைத்து, அதற்குப் பின்னால் மணலும் சரளையும் வடிகட்டியாக வைத்து, கசிகிற நீரை ஒழுங்காக அடிவாரத்துக் கால்வாய்க்குக் கொண்டுவருவதுதான் கட்டியவரின் கெட்டிக்காரத்தனம். அந்த நீர் தெளிவாக, ஒரே அளவில் வரும்வரை அணை சுகமாக இருக்கிறது. கலங்கி வந்தால், உள்ளிருந்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். டீட்டனில் அன்று காலை எட்டு மணி வாக்கில் கலங்கல் நீர் கண்ணில் பட்டது. நண்பகல் அடிக்கும்முன் அணை இல்லை. நான்கே மணி நேரம், அம்மா. ஆனால் எத்தனையோ அணைகளில் இதே கலங்கல் மாதக்கணக்கில் மெதுவாக வந்திருக்கிறது. பார்த்தவன் சொன்னதால், வடிகட்டி மணல் கொட்டி, நீர்மட்டத்தைக் குறைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

மூன்றாவது, சரிவு வழுக்குவது. கரைக்குள் நீரழுத்தம் எவ்வளவு என்று பார்க்கக் குழாய்கள் இறக்கியிருப்பார்கள். பீசோமீட்டர் என்று பெயர். கரை உச்சியில் அளவைக் கற்கள் பதித்து, ஒரு மில்லிமீட்டர் இறங்கினாலும் தெரிகிற மாதிரி அளப்பார்கள். 2017இல் மலேசியாவுக்கென்றே அணைப் பாதுகாப்பு மேலாண்மை வழிகாட்டி ஒன்று வெளிவந்தது. கண்காணிப்பு, பரிசோதனை, அவசரத் திட்டம் எல்லாம் எப்படி இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ‘எத்தனை வயது’ என்பது இல்லை. ‘கடைசியாக யார் நடந்து பார்த்தார்கள், என்ன எழுதினார்கள், எழுதியதை யார் படித்தார்கள்’ என்று கேளுங்கள். உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம் இருக்கிறதல்லவா, அவர்கள் பெயரில் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். அவசரத் திட்டத்தில் எங்கள் தெரு எந்த இடத்தில் வருகிறது, எச்சரிக்கை எப்படி வரும், எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று மூன்று வரி போதும். பதில் வந்தால் அதை வாட்ஸ்அப்பில் போடுங்கள். பேரப்பிள்ளைகளை இப்போதே எங்கும் கிளப்ப வேண்டாம். கனமழை இரவில் மட்டும் மகளை உங்கள் மாடிக்கு வந்து படுக்கச் சொல்லுங்கள். அணைக்காக இல்லை, ஆயர் ஈத்தாமில் திடீர் வெள்ளத்துக்கு அது எப்போதும் நல்லதுதான்.

கேள்வி: கூலிம் பக்கத்தில் தோட்ட வேலை செய்கிறேன். நாங்கள் போகிற வழியில் ஒரு சின்ன அணை. அதன் அடிவாரக் கால்வாயில் செம்மஞ்சள் நிறத்தில் வழவழவென்று ஏதோ படிந்திருக்கிறது, மேலே எண்ணெய் மாதிரிப் படலம். அணைக்குள் இரும்புக் கம்பி துருப்பிடித்து உடைகிறது என்கிறார்கள் கூட்டாளிகள். நிஜமா?
– ஒரு வாசகர், கூலிம்

பதில்: தம்பி, கண்ணைத் திறந்துகொண்டு நடக்கிறீர்கள், சந்தோஷம். மண் அணைக்குள் அப்படி இரும்புக் கம்பிக் கூடு கிடையாது. மண்ணிலேயே இரும்புச்சத்து இருக்கிறது. காற்றுப் படாத ஆழத்தில் அது கசிவுநீரில் கரைந்து வருகிறது. வெளியே வந்து காற்றுப் பட்டதும் ஒரு வகை நுண்ணுயிர் அதைப் பிடித்துச் செம்மஞ்சள் கூழாக மாற்றிவிடும். மேலே மினுக்கும் படலமும் அதனுடையதுதான். ஒரு குச்சியால் அந்தப் படலத்தைத் தொட்டுப் பாருங்கள். கண்ணாடித் துண்டுபோல உடைந்து நின்றால் நுண்ணுயிர்ப் படலம். மறுபடி ஓடிவந்து ஒட்டிக்கொண்டால்தான் எண்ணெய்.

அதற்காக விட்டுவிடக் கூடாது. அந்தக் கூழ் வடிகால் குழாயின் வாயை அடைத்துவிட்டால் நீர் வேறு வழி தேடும், சரிவில் புதிதாக ஈரம் காட்டும். நல்ல வெயில் மாதத்தில் சரிவின் நடுவில் ஒரு இடம் மட்டும் பச்சைப்பசேல் என்று சதசதப்பாக இருந்தால் அது செம்மஞ்சள் கூழைவிடப் பெரிய செய்தி. படம் எடுக்கும்போது பக்கத்தில் உங்கள் பராங்கத்தியை வைத்து எடுங்கள், எவ்வளவு பெரிய இடம் என்று பார்ப்பவருக்குத் தெரியும். தேதியையும், முந்தின மூன்று நாளில் மழை பெய்ததா என்பதையும் எழுதி அணை அலுவலகத்தில் கொடுங்கள். வேலியைத் தாண்டாதீர்கள்.

கேள்வி: பழைய அணை என்று சந்தேகம் இருந்தால் மழைக்காலத்துக்கு முன்னால் தண்ணீரை முழுக்கத் திறந்துவிட்டால் என்ன? யாருக்கும் பயம் இருக்காதே.
– ஒரு வாசகர், பட்டர்வொர்த்

பதில்: கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இதில் இரண்டு சிக்கல்.

மண்கரை பல ஆண்டாக நீரைக் குடித்து ஊறியிருக்கிறது. முன்பக்கத்துத் தண்ணீர் அந்தச் சரிவைக் கையால் பிடித்திருப்பதுபோலத் தாங்குகிறது. வெளித்தண்ணீரைச் சட்டென்று இறக்கினால் கரைக்குள் ஊறிய நீர் அதே வேகத்தில் இறங்காது. பிடித்த கை போய்விட்டது, உள்ளே கனம் அப்படியே இருக்கிறது. சரிவு முன்பக்கமாக வழுக்கும். அதனால்தான் ஒரு நாளைக்கு எவ்வளவு இறக்கலாம் என்று ஒவ்வொரு அணைக்கும் வரம்பு வைத்திருப்பார்கள்.

இன்னொன்று, திறக்கிற தண்ணீர் எங்கே போகும்? கேமரன் மலையில் ரிங்லெட் அணையை நினைத்துப் பாருங்கள். 1960களில் கட்டியது. மேலே காய்கறித் தோட்டங்களிலிருந்து அடித்துவந்த மண் அதன் வயிற்றைத் தூர்த்துவிட்டது. 2013 அக்டோபர் 23 விடியுமுன் கனமழையில் நீரைத் திறந்துவிட வேண்டியதாயிற்று. கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் ஆற்றோரம் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் வீடுகளோடு போனார்கள். அந்த அணை உடையவில்லை. இன்றுவரை நிற்கிறது. உடையாத அணையும் ஆளைக் கொல்லும் என்று அன்று தெரிந்தது. ஆற்றோரத்தில் வீடு கட்ட விட்டது, தூர் வாராதது, கீழே இருப்பவனை எழுப்ப வழி செய்யாதது எல்லாம் சேர்ந்துதான் அந்த இரவு. இதை எழுதும்போது இப்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

உங்கள் பட்டர்வொர்த்துக்கு இன்னொரு செய்தி. பினாங்கு குடிக்கிற தண்ணீரில் ஏறக்குறைய எண்பது விழுக்காடு சுங்கை மூடா ஆற்றிலிருந்து எடுப்பது. அணைகள் வறட்சிக்குச் சேமிப்பு. மழைக்குப் பயந்து ஊற்றிவிட்டால் பிப்ரவரியில் குழாயைத் திறந்து காற்றைத்தான் குடிக்க வேண்டும்.

கேள்வி: அணைக்கரையில் இருந்த மரங்களை எல்லாம் வெட்டிவிட்டார்கள். மரம் நட்டால் மண் இறுகும் என்று பள்ளியில் படித்தோமே?
– ஒரு மாணவி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: மலைச்சரிவில் மரம் வேண்டும், மகளே. நீர்த்தேக்கத்துக்கு மேலே இருக்கிற காட்டை ஒரு மரம்கூடத் தொடக் கூடாது. ஆனால் கரைமேல் புல் மட்டும்தான். மரம் செத்தால் வேர் உள்ளேயே மக்கிப்போய் அந்த இடத்தில் குழாய் மாதிரி ஓட்டை விழும், தண்ணீர் அதைக் கண்டுபிடித்துவிடும். காற்றில் சாய்ந்தால் வேரோடு ஒரு லோரி மண்ணைப் பெயர்த்துவிடும். புதர் மண்டினால் உடும்பு வளை வைக்கும், நடக்கிறவனுக்குக் கசிவும் வெடிப்பும் கண்ணில் படாது. குட்டையாக வெட்டிய புல்லில் ஒரு விரல் அகல வெடிப்பும் தெரியும்.

கேள்வி: என் தாத்தா கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வந்தவர். முல்லைப் பெரியாறு பற்றிச் சண்டை கேட்டே வளர்ந்தேன். அது 1895இல் சுண்ணாம்பில் கட்டியதாமே. உங்கள் கணக்கில் அது நிற்குமா?
– ஒரு வாசகர், பிறை

பதில்: எங்கள் வீட்டிலும் அதைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக் படம் மாட்டியிருந்தது ஐயா, உங்கள் ஆவல் புரிகிறது. அது மண் அணை இல்லை. சுண்ணாம்பு, சுர்க்கி என்கிற செங்கல் தூள், கல் போட்டுக் கட்டிய எடை அணை. தன் கனத்தாலேயே தண்ணீரைத் தடுத்து நிற்கிறது. 1979க்குப் பிறகு மூன்று வேலை செய்தார்கள். உச்சியில் கான்கிரீட் தொப்பி வைத்துக் கனம் ஏற்றினார்கள். மேலிருந்து அடிப்பாறை வரை துளை போட்டு எஃகு வடங்களை இறக்கி இறுக்கினார்கள். பின்பக்கம் கான்கிரீட் முட்டுக் கொடுத்தார்கள். 2014 மே மாதம் இந்திய உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது, முழுக் கொள்ளளவு 152 அடி.

அளவீடுகளைக் கையில் பார்க்காத அணைக்கு நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் சொல்வேன். கீழே இருக்கிற மலையாளிக் குடும்பத்தின் பயமும் பயம்தான், தண்ணீரை நம்பி நாற்று விட்டிருக்கிற கம்பத்து விவசாயியின் பயமும் பயம்தான். கசிவுநீர் அளவைத் தினமும் இரண்டு பக்கமும் பார்க்கிற மாதிரி வைத்தால் பாதிச் சண்டை குறையும்.

கேள்வி: ஐயா, எனக்கு ஒரு அணையில் தொழில்நுட்ப உதவியாளர் வேலை கிடைத்திருக்கிறது. வீட்டில் ‘தண்ணி பார்க்கிற வேலையா’ என்கிறார்கள். முதல் நாள் என்ன கொண்டுபோக வேண்டும்?
– ஒரு இளைஞர், சுங்கை பட்டாணி

பதில்: தம்பி, உங்களுக்கு ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். எந்த அணை, எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள்.

எனக்கு அப்போது 24 வயது. கசிவுநீர்க் கால்வாயின் குறுக்கே ‘வி’ வடிவத்தில் வெட்டிய இரும்புத் தகடு வைத்திருப்பார்கள். அந்த வெட்டின்மேல் நீர் எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் வழிகிறது என்று படித்தால் எவ்வளவு கசிகிறது என்று கணக்கு வரும். வாரத்துக்கு இரண்டு முறை கீழே இறங்கிப் படிக்க வேண்டும். 140 படி. அட்டை ஏறும். ஒரு வெள்ளிக்கிழமை, மூன்று நாளாக மழை. நான் இறங்கவில்லை. சாவடியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே செவ்வாய்க்கிழமை எழுதிய அதே எண்ணை எழுதினேன். 62.

என் மேலதிகாரி ஒரு மலாய்க்காரர், அதிகம் பேச மாட்டார். திங்கட்கிழமை ஏட்டைப் புரட்டினார். “மூணு நாள் மழை பெய்திருக்கு, ஏரி மட்டம் ஏறியிருக்கு, கசிவு மட்டும் அசையவே இல்லையா?” என்று மலாயில் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு மழையிலேயே கீழே இறங்கினார். தகட்டில் 81 இருந்தது. மழைநீர் கலந்ததா, அணைக்குள்ளிருந்து வந்ததா என்று அந்த நேரத்தில் எங்கள் இரண்டு பேராலும் சொல்ல முடியவில்லை. வெள்ளிக்கிழமை எண் சரியாக இருந்திருந்தால் சொல்லியிருக்கலாம்.

அவர் ஒரு வெள்ளை எனாமல் கோப்பையில் அந்த நீரை மொண்டு, குடைக்குக் கீழே வைத்து, கால்மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடியில் மண் படிகிறதா என்று. நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே கிராமத்தில் பள்ளிக்கூட மணி அடித்தது கேட்டது. என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான கால்மணி நேரம் வேறு இல்லை. மண் படியவில்லை. வெயில் வந்த பத்து நாளில் எண் 60க்கு இறங்கியது. மேட்டிலிருந்து மழைநீர் கால்வாய்க்குள் புகுந்திருக்கிறது. அதற்குத் தனி வாய்க்கால் வெட்டினோம்.

என்னைப் பற்றி அவர் மேலே எழுதவில்லை, திட்டவும் இல்லை. ஏட்டில் என் 62ஐக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் ‘பார்க்கவில்லை’ என்று என்னையே எழுதவைத்துக் கையெழுத்து வாங்கினார். ‘இல்லாத எண்ணைப் பின்னால் வருகிறவன் தெரிந்துகொண்டு வேலை செய்வான், பொய் எண்ணை நம்பித் தூங்கிவிடுவான்’ என்றார். அதற்குப் பிறகு 30 ஆண்டில் நான் இறங்காத நாள் உண்டு, காய்ச்சல், மின்னல், சாலை அடைப்பு. அந்த நாள்களில் எல்லாம் ‘பார்க்கவில்லை’ என்றுதான் இருக்கும்.

வீட்டில் சொல்லுங்கள், தண்ணீர் பார்க்கிற வேலைதான், கீழே தூங்குகிறவர்களுக்காகப் பார்க்கிறேன் என்று. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், அட்டைக்கு உப்புப் பொட்டலம், நல்ல டார்ச், ஸ்டாப்வாட்ச், அளவு குறித்த வாளி, ஒரு வெள்ளைக் கோப்பை. பேனா வேண்டாம், மழையில் மை கரையும். பென்சில் இரண்டாக எடுத்துப் போங்கள்.